இடைவெளி

புதன்கிழமை. கௌனாஸில் அந்தப் பழைய துணிக்கடையில்
எதை எடுத்தாலும் ஒரு யூரோ.
நாளை புது மூட்டைகள் பிரிப்பார்கள், விலை ஏறிவிடும்.
ஆகவே வெளியே பனி,
உள்ளே பெண்கள்.

நான் டிராலி பஸ் ஓட்டுகிறவள்.
பதினோரு வருஷமாகப் பயணிகளுக்கு நான்
இடுப்புக்கு மேலேதான்:
ஒரு கழுத்து, குறுகிய தோள், கண்ணாடியில் இரண்டு கண்.
"டிரைவர் அத்தை ஒல்லி" என்றது ஒரு குழந்தை.
கடைசி நிறுத்தத்தில் நான் எழுந்து நின்றபோது
அது வாயை மூட மறந்துவிட்டது.

பேரிக்காய் என்பார்கள் இந்த உடம்பை.
இருக்கிறதா இல்லையா என்று
ஐயப்பட வைக்கும் இடை;
அதற்குக் கீழே ஐயமே இல்லை.

பத்திரிகையில் எங்களுக்கென்றே ஒரு பக்கம் வரும்.
கருநீலம் எடு. தொடையில் வெளுத்தது வேண்டாம்.
பின்பாக்கெட் பெரிதாக, கொஞ்சம் மேலே தள்ளி.
முழங்காலிலிருந்து கால் நேராக இறங்கட்டும்.
மேல்சட்டை தொடையின் அகலத்தில் போய் முடியக் கூடாது.
படகுக் கழுத்து வைத்துத் தைத்தது நல்லது,
பார்க்கிறவர் கண்ணைத் தோளுக்கு அனுப்பிவிடும்.
என்னமோ நான் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி.

அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
தொடையில் ஏறுகிற ஜீன்ஸ் எதுவும்
இடுப்போடு ஒட்டாது.
பின்னால் ஒரு கை நுழையலாம்.
குனிந்தால் ஜனவரி நுழையும்.

இரண்டே இரண்டு அறைகள், நடுவில் ஒட்டுப்பலகை.
பலகை தரையைத் தொடவில்லை, ஒரு சாண் குறைவு.
ஏழாவது ஜீன்ஸை உரித்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்து அறையில் யாரோ
மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம்,
பிறகு மூச்சை விடுகிற சத்தம்,
பிறகு ஒரு கெட்டவார்த்தை.

கீழே பச்சை பூட்ஸ். ஒன்றில் மட்டும்
அறுந்த கயிற்றுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல்.

"தொடையில் கொடி மாதிரி பறக்கிறது,
வயிற்றில் பட்டன் எட்டவில்லை" என்றது பலகை.
"எனக்கு நேர்மாறு" என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு பலகைக்கு அடியில்
மடித்த ஒரு ஜீன்ஸ் தலையை நீட்டியது.
நானும் என்னுடையதைத் தள்ளினேன்.
இரண்டும் நாற்பத்திரண்டு. இரண்டுமே பொய்.

ஏறியது.
முழங்கால் தாண்டி, எல்லோரும் நின்றுவிடும் இடம் தாண்டி
ஏறியது. பட்டன் தானே போய் விழுந்தது.
பின்னால் கைவைத்துப் பார்த்தேன்:
ஒரு விரல், அதுவும் கெஞ்சி.
ஸ்டூலில் உட்கார்ந்து
இல்லாத பிரேக்கை மிதித்துப் பார்த்தேன்.
ஜனவரி வெளியிலேயே நின்றது.

அந்தப் பக்கம் ஜிப் ஏறும் சத்தம்,
நிற்காமல், மேலே வரைக்கும்.
"திரும்புங்கள், பார்க்கிறேன்" என்றாள்.
திரும்பினேன். அவளும் திரும்பினாள்.
தெரிந்ததெல்லாம் கணுக்கால்.
"ஓரம் அழகாக விழுகிறது" என்றாள்.
இவ்வளவு வருஷத்தில் யார் சொன்னதையும்விட
அதை நம்பினேன்.

நான் வெளியே வந்தபோது அவள் திரைச்சீலை
இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
கல்லாவில் ஸ்கைஸ்தே நாணயத்தை வாங்கிக்கொண்டு
தலையை நிமிர்த்தாமலே "போட்டுக்கொண்டே போகிறீர்களா?" என்றாள்.
போட்டுக்கொண்டே போனேன்.

இன்று காலை, சந்தை நிறுத்தம்.
முன்கதவில் ஏறுகின்றன பச்சை பூட்ஸ்,
சிவப்பு நூல் இன்னும் மாற்றப்படவில்லை.
முகம் எனக்குப் புதிது.
அவள் என் கண்களைக் கண்ணாடியில் பார்த்து
எல்லோருக்கும் வைக்கும் வணக்கத்தை வைத்துவிட்டு
நடுவில் போய் நிற்கிறாள்.
அவளுக்கும் நான் இடுப்புக்கு மேலேதான்.

ஓட்டும்போது எழுந்து நிற்கக் கூடாது, விதி.
கடைசி நிறுத்தத்துக்கு இன்னும் ஆறு இருக்கிறது.
ஒவ்வொரு கதவு திறக்கும்போதும்
கண்ணாடியில் கீழே பார்க்கிறேன்:

பச்சை, இறங்கிவிடாதே.