ஏறுங்கோ, விட்டுவிடுறன்

கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதினது ஒரு வரி:
நாளுக்கு அரை மணித்தியாலம் நடை.
எந்த மருந்துக்கடையிலும் இல்லாத மருந்து.

எங்கே எடுக்கிறது அரை மணித்தியாலத்தை?
நாலரைக்கு எழும்பினால்
திருவலைக்குப் பக்கத்தில் தேங்காய்ப்பாதி காத்திருக்கும்.
ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் மோட்டர்,
ஆறரைக்குப் பிட்டு,
ஏழு பத்துக்கு மகனின் ஒற்றைக் காலுறை
(மற்றது எப்பவும் கட்டிலுக்குக் கீழே),
எட்டரைக்குக் கச்சேரி, காணிக்கிளை.
அங்கே பொழுது சாயும்வரை
மற்ற ஆக்களின் எல்லைத் தகராறு.
வேலி அரைமுழம் தள்ளிவிட்டது என்று
கடிதம் கடிதமாய் எழுதுவார்கள்.
நேரத்தில் எனக்கு
ஒரு குழிகூட இல்லை, உறுதியும் இல்லை.

ஆனால் ஐந்தேகாலிலிருந்து ஆறே முக்கால் வரைக்கும்
திருநெல்வேலி ஒழுங்கை ஒன்றில்
இரசாயனவியல் ரியூசன்.
வாசலில் ஸ்கூட்டிகளின் மேல் அம்மாமார்,
குனிந்த தலைகள், போன் வெளிச்சம்.
நானும் அப்படி இரண்டு வருசம் இருந்தவள்தான்.
அந்தத் தரிசு நிலத்தை
ஒரு திங்கட்கிழமை பிடித்தேன்.

கந்தோர்ச் சேலை, பாட்டா செருப்பு.
நூறு அடி போகவில்லை,
சுவிந்தன் மோட்டார்சைக்கிளை நிறுத்தினான்.
'அக்கா, ஸ்கூட்டி பழுதோ? ஏறுங்கோ, விட்டுவிடுறன்.'
இல்லையடா, நடக்கிறன்.
'எங்கை?'
இங்கைதான்.
வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று
கேட்க வாயெடுத்து, கேட்காமல் போனான்.

பிறகு ஒரு ஓட்டோ.
பிறகு தேவராணி ரீச்சர்,
தன்ரை சைக்கிள் கரியரைத் தட்டிக் காட்டினா.
மூன்றாம் நாள் பச்சைக் கேற்று வீட்டுக்காரி
ரோர்ச் லைற்றோடு ஓடிவந்தா:
'என்ன பிள்ளை விழுத்தினீர்? தோடோ?'
மறுக்க மனம் வரவில்லை.
இல்லாத தோட்டை இருவரும்
மதிலோரம் இருபது நிமிசம் தேடினோம்.
போன் அதையும் நடை என்றே எண்ணியது.

நாலாம் நாள் கையில் ஒரு வெறும் பை கொண்டுபோனேன்.
அவ்வளவுதான். ஒருத்தரும் கேட்கவில்லை.
பை இருந்தால்
பெண் எங்கேயோ போகிறாள்.

போன் நடுங்கும்: நாலாயிரம் அடி, வாழ்த்துகள்.
பதினாலு வயதில்
நாவற்குழிப் பாலத்தை மழைக்குள் கடந்தேன்,
ஒரு இரவும் அடுத்த பகலில் பாதியும்.
அன்றைக்கு அடிகளை எண்ண ஆளில்லை.
ஏறுங்கோ என்று சொல்லவும் இல்லை,
எல்லாரும் நடந்துகொண்டிருந்தோம்.
கால் மறக்கவில்லைப் போல.
ஆறாம் மதிலடியில் தானாகவே வேகம் பிடிக்கும்,
நான்தான் அதை இழுத்து நிறுத்துவேன்:
ஆறுதலாய், ஒருத்தரும் துரத்தவில்லை.

மதிலுக்கு மேலால் சேரின் குரல்,
பென்சீன் வளையம், பென்சீன் வளையம்.
நான் சுற்றுகிறேன்.

போன கிழமை ஜெயகௌரி
ஸ்கூட்டியை விட்டிறங்கிப் பக்கத்தில் வந்தா.
அவவின் கையிலும் ஒரு பை.
கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தோம்.
'உங்கடை பையிலை என்ன?'
ஒண்டுமில்லை.
'என்ரையிலையும்தான்.'
மண்ணிறக் கடுவன் நாய் திடுக்கிட்டுக் குரைக்கிற அளவுக்குச் சிரித்தோம்.

பத்து வருசம் இடைவிடாமல் ஆண்டால்
காணி ஆண்டவனுக்கே என்று
எங்கள் கந்தோரில் ஒரு சட்டம் கதைப்பார்கள்.
எனக்கு இன்றைக்குப் பதினேழாம் நாள்.
அதிலும் ஒரு நாள் மழை,
ஒரு நாள் செத்தவீடு,
ஒரு நாள், பொய் சொல்லக்கூடாது, அலுப்பு.

ரியூசன் விட்டுவிட்டது.
மகன் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தி
கோண் அடிக்கிறான்:
'இருட்டுது அம்மா, ஏறுங்கோ.'

நில்லடா.
இன்னும் நாலு நிமிசம் கிடக்கு.