காணும்

ஐந்தாம் நாள்,
பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு
மருத்துவச்சி ரெகுலா உள்ளே வந்தாள்.
பையிலிருந்து ஒரு துணி ஏணை, ஒரு கொளுக்கி,
மீன் சந்தையில் பாரை நிறுக்கிற மாதிரி
ஒரு வில்லுத் தராசு.
பிள்ளை ஆடியது. முள்ளு ஆடியது.
நான் ஆடாமல் நின்றேன்.

பிறந்தபோது மூவாயிரத்து நூற்றுப் பத்து.
இன்று இருநூற்றுத் தொண்ணூறு குறைவு.

கிராம் எனக்குப் புதிதில்லை.
லாங்கெந்தால் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில்
நாலு வருசம் சீஸ் வெட்டினவள்.
இருநூறு என்றால் கண்ணாலேயே இருநூறு வெட்டுவேன்.
குறைந்தால் மேலே ஒரு துண்டு வைத்துவிடுவோம்,
அவ்வளவுதான் அங்கே.
இருநூற்றுத் தொண்ணூறு எவ்வளவு பாரம் என்று
என் கைக்குத் தெரியும்.
அந்தக் கையால்தான் கண்ணைத் துடைத்தேன்.

ஒஸ்லோவிலிருந்து மச்சாள் இரண்டு நேரமும் எடுக்கிறா:
பால் காணுமோ?
காணாது போல இருக்கே, அழுகிற சத்தம் கேட்குது.
பால்சுறா சாப்பிட்டனீரோ? உள்ளி?
பால்சுறா பேர்ன் கடையில் கல்லாய் உறைந்து கிடக்கும்.
கஜீபன் ரயிலேறிப் போய்
குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தான்.

ரெகுலா காணும் என்றும் சொல்லவில்லை,
காணாது என்றும் சொல்லவில்லை.
காட்டு, என்றாள்.
பிள்ளையின் நாடியைச் சின்ன விரலால் தொட்டு,
'பொறு. வாய் பெரிசாகத் திறக்கட்டும்.
பிறகு மார்பைக் கொண்டு போகாதே,
பிள்ளையைக் கொண்டு வா.'
அவன் திறக்கவில்லை. கொட்டாவிக்குக்கூட
காசு கேட்பவன் போல இறுக்கி வைத்திருந்தான்.

கறந்து எட்டு மில்லிலீற்றர், ஊசியில்லாத சிறிஞ்சால்.
அதன் பின் பால்மா, இருபது.
அந்தச் சொல்லை நான் வாய்க்குள் வைத்திருந்தேன்,
அவள் சாதாரணமாகச் சொன்னாள்,
உப்புப் போடு என்பதுபோல.

பிறகு இரவுகள்.
ஒரு மணி. மூன்றரை. ஐந்து,
முதல் ரயில் வெளிச்சம் கூரையில் ஓடும் நேரம்.
கஜீபன் கொப்பியில் குறித்தான்:
இ, வ, இ, வ.
இடது, வலது.
அரிச்சுவடி பழகத் தொடங்கி
இரண்டு எழுத்தோடு நின்றுபோனவன் கொப்பி.
எந்த இரவில் பால்மா டின் மூடியே கிடந்தது என்று
அதில் இல்லை.

இரண்டு மாதம். தடுப்பூசி.
காத்திருப்பு அறையில் ஒருத்தி
என்னிடமா காற்றிடமா தெரியவில்லை,
'இந்தச் சின்ன உடம்புக்கு
ஒரே நாளில் இவ்வளவா' என்றாள்.
நான் ஸ்வெற்றருக்குள் கை விட்டு
என் இடது புயத்துத் தழும்பைத் தடவினேன்.
முதல் நாள்தான் அம்மாவிடம் கேட்டிருந்தேன்.
எதுக்குப் போட்டது?
கசத்துக்கு.
அழுதனானா?
அண்டைக்கு ஷெல்லடி.
உன்ர அழுகை ஆருக்குக் கேட்டது.
ஆனால் வரிசையை விட்டு நான் போகேல்லை.

பெயர் கூப்பிட்டார்கள்: ஆரூரன்.
அவர்கள் வாயில் அது ஏதோ மலையின் பெயர்.

'ஊட்டிக்கொண்டே இருங்கள்' என்றார் டொக்டர்.
இடது தொடையில் ஒன்று.
அவன் காம்பை விட்டான்.
என்னைப் பார்த்தான், நீயுமா என்று.
வலது தொடையில் மற்றது.
திறந்தான் வாயை,
உள்நாக்குத் தெரிய,
ஐந்தாம் நாள் முழுக்க நான் கெஞ்சிய
அந்தப் பெரிய வாய்.

பிள்ளையைக் கொண்டு வந்தேன்.

அவன் பிடிக்கமுன்னமே பால் பாய்ந்து
டொக்டரின் சட்டைக் கை நனைந்தது.
அவர் துடைத்துக்கொண்டே
எடையைச் சொன்னார்.
நான் கேட்கவில்லை.
க், க், என்று அவன் விழுங்குகிற சத்தம்
குறுக்கே இருந்தது.

இரவு மச்சாள்: காணுமோ?
டொக்டரின்ர சட்டையைக் கேளுங்கோ, என்றேன்.

முப்பத்தெட்டு புள்ளி ஒன்று.
நெஞ்சில் சூடாகக் கிடக்கிறான்.
இரண்டு தொடையிலும் வட்டப் பிளாஸ்ரர்,
ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை முதலை.
கஜீபன் கொப்பியோடு வந்து நின்றான்.
எந்தப் பக்கம்?
மறந்துபோச்சு, என்றேன்.