பீச்சாங்கைக்கு ஒரு பிடி

கேஸ் ஏஜென்சி ரசீதின் பின்பக்கத்தில் முதல் படம்.
பதினோரு அங்குல நீளம். ஒன்றேகால் விட்டம்.
மேலே வாய், நடுவில் பொத்தான், அடியில் மூடி.
வாள் கிடையாது, பிடி மட்டும்.
ஒளிக்கு அளவு போடத் தெரியவில்லை;
அம்புக்குறி இழுத்து
'மேலே போகும்' என்று எழுதிவிட்டேன்.

சப்பாத்தி மாவை இறுக்கிப் பிடித்தேன்
விரல்கள் எங்கே அமர்கின்றன என்று பார்க்க.
நாலு பள்ளம், பெருவிரலுக்குத் தனியாக ஒன்று.
காயட்டும் என்று ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன்.
தம்பி தவசி எடுத்துப் பார்த்துவிட்டு
'எலிக்கு வச்சதா?' என்றான்.

கீழமாசி வீதியில் அலுமினியக் குழாய்.
மூன்றடிக்குக் குறைத்து வெட்ட மாட்டார்களாம்.
'எதுக்கும்மா?'
ஸ்கிரீன் மாட்ட.
'மூணடியிலயா?'
சின்ன ஜன்னல்ண்ணே.
பிடிமானத்துக்கு வைப்பர் ரப்பர்.
'எந்த வண்டிக்கு?'
அந்த வண்டி இன்னும் வரல, என்றேன்.
அது பொய்யில்லை.
நெல்பேட்டையில் எடைக்குக் கிடைத்த
செத்த மிக்ஸியின் சிவப்புப் பொத்தானை மட்டும்
எதுக்கென்று யாரும் கேட்கவில்லை.

வாய்தான் அமையவில்லை.
குக்கர் வெயிட்டை வைத்துப் பார்த்தேன்,
ஷவர் தலையை, சென்ட் பாட்டில் கழுத்தை.
சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வெள்ளி
குன்னத்தூர் சத்திரத்துக் கடையொன்றில்
அழகருக்குத் தண்ணீர் பீச்சும் துருத்திகளுக்கு நடுவே
பித்தளைக் குழல்முனை தொங்கிக்கொண்டிருந்தது.
கழுத்தில் மூன்று வளையம்,
நான் வரைந்ததைவிட நன்றாக.
'நேர்த்திக்கடனா?'
ஆமாம் என்றேன்,
இந்த முறை யோசிக்காமல்.

லேத்து செல்லூரில்.
சோனைமுத்து படத்தை நேராகப் பார்த்தார்,
தலைகீழாகப் பார்த்தார்.
'டார்ச் லைட்டா?'
அது மாதிரி. ஆனா வெளிச்சம் ஓடக்கூடாது,
மூணடி போய் நிக்கணும்.
அவர் சிரிக்கவில்லை.
'வெளிச்சம் என் கையில இல்ல மேடம்.
குழாய் இருக்கு.'

சனிக்கிழமை போனேன்.
மரை கச்சிதம். விளிம்பு வழவழப்பு.
பிடித்தேன்.
பள்ளங்கள் விரல்களைத் தள்ளின,
பொத்தான் துளை எங்கோ முதுகுப்பக்கம்.
'படத்துல மாத்திப் போட்டிருந்தீங்க.
நானே சரி பண்ணிட்டேன்.'

சரி பண்ணிட்டேன்.
அன்று காலையில்தான்
கொய்யாப்பழக்காரர் நோட்டை வாங்காமல்
'கைய மாத்திக் குடும்மா, முதல் போணி' என்றார்.
மாற்றிக் கொடுத்தேன். எப்போதும் கொடுப்பேன்.

பையிலிருந்து மாவை எடுத்து வைத்தேன்,
காய்ந்து இரண்டு இடத்தில் வெடித்திருந்தது.
என் இடது கையை அதன் மேல் பொருத்திக் காட்டினேன்.
'அட, பீச்சாங்கையா.'
தன் இடது விரல்களை வைத்துப் பார்த்தார்.
செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்ட முகம் அவருக்கு.
'மிச்சக் குழாய் இருக்கா?'
இருந்தது, ஜன்னலுக்கு வாங்கியது.
இரண்டு மணி நேரம் ராவினார்.
கூலி ஒன்றுக்குத்தான் வாங்கினார்.
முதலில் செய்ததை
சோத்தாங்கையில் ஒருமுறை வீசிப் பார்த்துவிட்டு
'இத நான் வச்சுக்கிறேன்' என்றார்.

பீச்சுகிற கை என்றுதானே பெயர்;
எதைப் பீச்ச என்று யார் எழுதிவைத்தார்கள்.

இரவு மொட்டைமாடியில் பித்தளை வாயைத் திருகினேன்.
பேட்டரி அடுத்த சம்பளத்தில்.
குழாய்க்குள் காற்று, வைகைப் பக்கமிருந்து கொட்டுச் சத்தம்.
பொத்தானை அழுத்தினேன்.
டக்.
மிக்ஸியின் பழைய டக்.
துணி எடுக்க வந்த தவசி
கொடிக்கருகே நின்றுவிட்டான்.
தள்ளி நில்லுடா, என்றேன்.
ஓரடி நகர்ந்தான்.
இன்னும், என்றேன்.
கையிலிருந்த துணியோடு
மூன்றடிக்கு அப்பால் போய் நின்றான்.