ஆணிக் கணக்கு

ஒப்பந்தம் என்று காகிதம் ஏதும் இல்லை.
யாப் கிம் ஹோய் விரல் விட்டுச் சொன்னது மூன்று:
ஐந்தாம் தேதி வாடகை,
குசினிக் குழாயை இறுக்கித் திருகாதே,
சுவரில் ஆணி அடிக்காதே, தங்கச்சி.

தங்கச்சி என்பதை
என் மகனைவிடத் திருத்தமாகச் சொன்னார்.
இருபது வருடம் தோட்டம் தோட்டமாய்
லோரியில் மீன் விற்றவர்.
கடனைத் தமிழில் கேட்டுக் கேட்டுப்
பழகிய நாக்கு.

இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை,
கரண்டுக்கும் தண்ணிக்கும் இன்னும் அரை.
கையுறைத் தொழிற்சாலையில்
நான் நின்ற ஓவர்டைம் எல்லாம்
அவருடைய அரைக்கால்சட்டைப் பைக்குள்
மடிந்து போனது.

பீடோர் கடைவீதிக்குப் பின்னால்
செம்பனை லோரிகள் திரும்பும் முடுக்கில்
வரிசை வீட்டில் நடு வீடு.
லோரி திரும்பினால்
அலமாரிக்குள் கண்ணாடித் தம்ளர்கள்
ஒன்றையொன்று நலம் விசாரிக்கும்.

ஆணி இல்லாத வீட்டில்
எல்லாம் எதிலாவது சாய்ந்துதான் நிற்கும்.
முருகன் பிளாஸ்டிக் நாற்காலியில்.
காலண்டர் அரிசி வாளிமேல்.
கடிகாரம் ஐஸ்பெட்டித் தலையில் மல்லாந்து
கூரைக்கு மணி காட்டும்.
கடவுளும் தேதியும் முழங்கால் உயரம்.
நல்ல நாள் பார்க்கக் குனிந்து
இடுப்புப் பிடித்துக்கொண்டது ஒரு முறை.

ஐந்தாம் தேதி ஆனால்
அவருடைய கப்சாய் சத்தம்.
பணத்தை எண்ணுவார்.
விரல் பணத்தில், கண் சுவரில்.

மூன்றாம் வருடம் ஒன்று அடித்தேன்.
லோகேஷ்வரனின் பள்ளிச் சட்டை.
தேய்த்து மடித்து எங்கே வைத்தாலும்
பல்லிக்கு அதுதான் கக்கூஸ்.
அறைக் கதவுக்குப் பின்னால்,
கதவு திறந்தால் மறையும் இடத்தில்.
சுத்தியல் இல்லை, மிளகாய் இடிக்கும் கல்.
ஒவ்வொரு லோரிக்கும் காத்திருந்து
அதன் சத்தத்துக்குள் ஒளித்து ஒரு அடி.
ஐந்து லோரி,
ஓர் ஆணி.

போன மாசிமாதம்
வீட்டை விற்கிறேன் என்றார்.
ஜொகூரில் மகளுக்கு ஏதோ தேவை.
விவரம் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
வாடகைக்காரி கேட்கக்கூடிய கேள்வி
ஒன்றுதான்: எப்போது?

காலி செய்த அன்று
டார்ச்லைட்டோடு வந்தார்.
உள்ளங்கையைச் சுவரில் வைத்து
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுகிறாற்போல்
அறை அறையாய் நடந்தார்.
நான் வாசலில்,
மூட்டைகள் நடுவே, ஒரு மூட்டையாக.

கதவை இழுத்துப் பார்த்தார்.
முந்தின ராத்திரியே ஆணியைப் பிடுங்கி
ஓட்டையில் பற்பசை அடைத்திருந்தேன்.
மூக்கை வைத்து மோந்தார்.
அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

பிறகு நகத்தால் லேசாகச் சுரண்டினார்.
பொலபொலவென்று உதிர்ந்தது,
நிற்காமல்.
"சிமெண்டு இல்ல தங்கச்சி, வெறும் மணல்.
கட்டினவன் என்னை நல்லா ஏமாத்திட்டான்.
ஆணி அடிச்சா ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும்."

பதினொரு வருடம் அவர் மறைத்ததை
ஒரு சட்டைக்காக நான் திறந்துவிட்டிருந்தேன்.
ஆனாலும் முன்பணத்தில்
இருபது வெள்ளி பிடித்துக்கொண்டார்.
மீதியை இரண்டு தரம் எண்ணி
வலது கையால் தந்தார்.

புது வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.
வீட்டுக்காரர் ஞானசீலன், ஓய்வுபெற்ற கிராணி.
முதலில் ஆணியைத்தான் கேட்டேன்.
"ஓ, தாராளமா அடிச்சுக்குங்க" என்றார்.
எந்தத் தோட்டம், என்றார்.
அப்பா பேர், என்றார்.
தோட்டத்தில் எந்த லயம், என்றார்.
கொஞ்சம் இருமி,
"நம்ம ஆளுங்கதானே?" என்றார்.

அந்த 'நம்ம'வில்
ஆணி போகிற அளவுக்கு ஓர் ஓட்டை.
அதன் வழியே டார்ச் அடித்து
என்னை உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆமாம் என்றேன்.
சாவி கிடைத்தது.

கெட்டிச் சுவர்.
தட்டினால் கல்போல் பேசும்.
கால் கிலோ ஆணி வாங்கி
மூன்று மாதம் ஆகிறது.
முருகன் இன்னும்
நாற்காலியில்தான் இருக்கிறான்.