நூற்று இருபத்தேழாவது கல்

வியாழன், மாலை ஏழரை. பீல்.
ஏரி அனுப்பிய பனிமூட்டம்
ஸ்டேஷன் கடிகாரத்தைத் தின்று முடித்திருந்தது.
உணவகத்தின் பின்னறையில்
உருகிய சீஸும் நனைந்த கம்பளியும் மணந்தன.
ரெகூலா சீருடையோடு வந்தாள்.
பத்து ஐம்பதுக்கு அவள் ஓட்ட ஒரு டிராலிபஸ் இருக்கிறது.
அதற்குள் ஒரு பழைய ஆட்டத்தை
முதற் கல்லிலிருந்து திரும்ப வைத்துப் பார்ப்பதாகத் திட்டம்.

கோ என்றால் என் மொழியில் அரசன்.
இந்தப் பலகையிலோ அரசனே கிடையாது,
குதிரை இல்லை, மந்திரி இல்லை,
எந்தக் கல்லும் எந்தக் கல்லுக்கும் சலாம் வைப்பதில்லை.
முதன்முதலில் அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. ஒசாகா.
கறுப்புக்குப் பதினேழு வயது.
வெள்ளைக்கு ஐம்பது நெருங்குகிறது,
நாடறிந்த கை.
பார்த்தவர்கள் எல்லோரும் வெள்ளை என்றார்களாம்,
ஒரு வைத்தியரைத் தவிர.
ஆட்டம் எனக்கு அவ்வளவாகப் பிடிபடாது,
ஆனால் அந்தக் கல் விழுந்ததும்
அவர் காது சிவந்தது என்றாராம்.

எனக்கு அந்த வைத்தியரைப் பிடிக்கும்.
நானும் காதுக்காரி.
காதுக்கருவிக் கடையில், நாளுக்கு ஏழெட்டுப் பேருக்கு
இளஞ்சிவப்புப் பசை ஊற்றி அச்செடுக்கிறேன்.
காதுகள் பொய் பழகாதவை;
முகத்துக்குத் தரும் பயிற்சியை
யாரும் அவற்றுக்குத் தருவதில்லை.

கறுப்பை நான் தாளைப் பார்த்து வைத்தேன்,
வெள்ளையை அவள் மனப்பாடமாக.
தொடக்கத்திலேயே ஒரு மூலையில்
மறைத்து வைத்த பொறியில் பையன் கால் வைத்தான்.
ரெகூலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்,
தானே அகப்பட்டதுபோல்.

நூற்று இருபத்தேழு.
நடுவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு.
யாரையும் அடிக்கவில்லை, பிடிக்கவில்லை.
மேலே தன் நிலத்தை விரித்து,
தளர்ந்துபோன நாலு கற்களுக்கு முட்டுக் கொடுத்து,
வலப்பக்க வெள்ளையின் மிடுக்கைக் கொஞ்சம் தணித்து,
இடப்பக்கத்திலும் ஒரு கண் வைத்து,
சும்மா இருந்தது.

"என் கணினிக்கு இது பிடிக்கவில்லை,
வேறு ஓர் இடம் இன்னும் நல்லதாம்" என்றாள்.
"உன் கணினிக்குக் காது இருக்கிறதா?"
சிரித்தாள்.

நடுவில் நட்ட கல்.
எங்களில் நடுகல் விழுந்தவனுக்குத்தான்.
எல்லோரும் பையனைப் புகழ்கிறார்கள்,
நான் மற்றவரை நினைக்கிறேன்:
காது அறிந்த தோல்வியைக்
கையிடம் சொல்லாமல்
முந்நூற்று இருபத்தைந்து வரைக்கும்
கூட இருந்தவரை.
அந்தக் கல்லை முதலில் படித்தவர் அவர்தான்.
ரசனைக்கு அதைவிடச் செந்நிறம் உண்டா?

நூற்றுத் தொண்ணூறு தாண்டியிருக்கும்.
என் கல் ஒன்று நழுவி
அவளுக்கு இடப்பக்கம் விழுந்தது.
ஓடு பதித்த தரை. கண்ணாடிக் கல்.
பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.
ரெகூலா திரும்பவில்லை.

மூன்று வருடமாய் இடது காதைச் சுவரோடு சேர்த்தே உட்காருவாள்.
இன்று அந்த மூலையில் வேறு யாரோ.
விளக்குக்காக என்று நினைத்திருந்தேன்.
ஊர்க் காதையெல்லாம் அச்செடுக்கிறவள்
பலகையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிமிர்ந்தாள்.
நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தாள்.
மெல்ல, சோணையிலிருந்து மேல்நோக்கி,
அந்தக் காது சிவந்தது.

"பிப்ரவரியில் சோதனை" என்றாள்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
காதும் காதும் வைத்தாற்போல் என்பார்கள் எங்களில்;
ஒரு காதை மட்டும் வைத்து
அதை எப்படிச் செய்வது?

மீதிக் கற்களை வைத்தோம்.
கறுப்பு இரண்டு புள்ளியில் வென்றது,
போன தடவையும் அப்படித்தான்.

பத்து ஐம்பது.
என் வீடு ஏரிப்பக்கம், அவள் வண்டி எதிர்த்திசை.
ஏறிக்கொண்டேன்.
அவளுக்குப் பின்னால், வலப்பக்க இருக்கை.
நிறுத்தத்துக்கு நிறுத்தம்
யாராவது மணி அழுத்தினால்
அவளுக்குக் கேட்கிறதா என்று
என் இரண்டு காதையும் தீட்டிக்கொண்டு.