தன்மைப் பன்மை

நாளுக்கு ஆறாயிரம், பஸ் காசு தனி.
ஹட்டனில் ஏறிப் பொகவந்தலாவைப் பாதையில்
பெரட்டுக்களத்தடியில் இறங்கினேன்.
கொழுந்து நிறுக்கும் கொட்டகைச் சுவரில்
வெள்ளை விரிப்பொன்று தொங்கியது,
கல்யாண வீட்டில் வீடியோக்காரன் கட்டுவதுபோல.

கொழும்பிலிருந்து வந்தவர் பெயர் ரெஹான்.
நல்ல மனிதர். சப்பாத்தெல்லாம் சேறு,
ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.
அவர் ஆங்கிலத்தில் சொல்வார்,
நான் தமிழில் சொல்லவேண்டும்.
நானும் லயத்தில் பிறந்தவள்தான், வேறு தோட்டம்.
அதை யாரும் கேட்கவில்லை.

முதலில் உலகப் படம்.
தேயிலை போகும் திசையெல்லாம் சிவப்புக் கோடு,
துபாய்க்கொன்று, ஹம்பர்க்குக்கு ஒன்று.
கோடு புறப்படும் இடத்தில்
பல்லியொன்று அசையாமல் இருந்தது.
அடுத்த படத்தில் இரண்டு தூண்:
கென்யாவில் ஒருத்தி ஒருநாளில் பறிக்கும் கிலோ,
இங்கே ஒருத்தி பறிக்கும் கிலோ.
இங்குள்ளது குட்டை.
ஞானப்பூ கேட்டாள்,
"அங்கயும் அட்டை கடிக்குமான்னு கேளு."
நான் கேட்கவில்லை.

இனி நாட்சம்பளம் இல்லை.
குடும்பத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு செடி.
உரம் கம்பனி தரும், கடனாக.
கொழுந்தைக் கம்பனியே எடுக்கும்.
விலையை ஏலம் சொல்லும்.
நீங்கள் இனித் தொழிலாளர் அல்ல, நீங்கள்
என்றதும் எனக்குச் சொல் வரவில்லை.
அகராதி கொடுத்ததைக் கொடுத்தேன்:
பங்காளிகள்.

களமே சிரித்தது.
பவளக்கொடி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.
"பங்காளின்னா ராவுல வேலிய தள்ளிப் போடுறவன்தானே புள்ள?
எங்க மாமனாருக்கு இருந்தான் ஒருத்தன்.
ரெண்டு பாத்தி லீக்ஸுக்காக
சாவுக்கும் வரல."
ரெஹான் என்னைப் பார்த்தார்.
சந்தோஷப்படுகிறார்கள், சேர் என்றேன்.

பிறகு அந்த வாக்கியம்.
லாபமோ நட்டமோ சேர்ந்தே சுமப்போம் என்பது.
அவர் பேசிய மொழியில் அதற்கு ஒரே சொல்,
யார் உள்ளே யார் வெளியே என்று காட்டிக்கொடுக்காத சொல்.
தமிழில் தப்பமுடியாது.
நாம் என்றால் கேட்பவளும் உள்ளே.
நாங்கள் என்றால் அவள் வாசலில்.
எட்டாம் வகுப்பில் இதற்கு இரண்டு புள்ளி.
நான் ஒன்றுதான் எடுத்தேன்.

மைக்கைப் பிடித்தபடி நின்றேன்.
சேமலாப நிதி எந்தப் படத்திலும் வரவில்லை.
மூன்று மாதம் விடாத மழை
யார் கணக்கில் ஏறும் என்பதும்தான்.
மெதுவாகக் கேட்டேன்,
சேர், நட்டத்தைச் சுமப்பது யார் யார்?
எல்லாரும் என்றார், உடனே.
கம்பனியுமா?
அவர் வாயைத் திறக்குமுன்
படம் தானாக மாறிவிட்டது.
கூடையோடு ஒருத்தி சிரித்துக்கொண்டு நின்றாள்,
பக்கற்றில் அச்சாகிறவள்.
"இவ யாருடி, விரல்ல ஒரு கறைகூட இல்ல?"
என்றாள் ஞானப்பூ.

நான் மைக்கில் சொன்னேன்:
"லாபம் வந்தால் நாம் பங்கு போடுவோமாம்.
நட்டம் வந்தால் நாமா, நீங்களா என்று
ஐயா இன்னும் சொல்லவில்லை."

கொட்டகைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியது.
சிலர் எழும்பிப் போனார்கள், பிள்ளைக்காம்பராவுக்கு நேரமாம்.
சிலர் வரிசையில் நின்றார்கள்.
பவளக்கொடி கையெழுத்து வைத்தாள்.
ஏன் அக்கா என்றேன்.
"பெரியவனுக்குக் கட்டார் ஏஜென்சிக்குக் கட்டணும்.
செடி பேர்ல இருந்தா அடகு வைக்கலாமாம்."
அந்தப் படம் ரெஹானிடம் இருக்கவில்லை.

போகும்போது ஒரு தாள் நீட்டினார்கள், நானும் கையெழுத்திட.
தொழிலாளர் என்றோ பங்காளி என்றோ இல்லை,
சேவை வழங்குநர் என்று இருந்தது.
ஆறாயிரத்தில் முந்நூறு பிடித்திருந்தார்கள்.
பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக்
கடைசி பஸ்சுக்கு ஓடினேன்.
இறங்கும்வரை கணக்குப் பார்த்தேன்,
எந்தச் சொல்லுக்கு அந்த முந்நூறு என்று.