பட்டியலில் ஏழாவது

தாலினில் பனி. மூன்றாம் மாடி.
ஏழாவது கட்டளைக்கு ஊர்மாஸ் வைத்த பெயர்
'சுத்தம் செய்'.
சின்னச் சொல். மெனுவில் கச்சிதமாய் அடங்கியது.

பாடகர் குழு நடத்தும் ஹெல்வே
நம்பி அழுத்தினாள்.
நாற்பது பேர் பாட்டெடுக்குமுன்
ஒன்றாய் இழுத்த மூச்சு
காணாமல் போயிற்று.
'தூசி தட்டும் என்று நினைத்தேன்'
என்றாள் தொலைபேசியில். வேறொன்றும் சொல்லவில்லை.

காபி ஆற ஆற
'இடைவெளி அகற்று', 'மௌனம் களை'
எழுதி எழுதி அடித்தோம்.
கடைசியில் உள்ளது உள்ளபடி:
'மூச்சை நீக்கு'.
நீளம்தான். ஓரத்தில் ஓர் எழுத்து வெட்டுப்படுகிறது.

புதிய பதிப்பு போய் மூன்று வாரம்.
சுட்டி அதன்மேல் வந்து
கொஞ்சம் நின்று
கீழே இறங்கிவிடுகிறதாம்.

பிழை என்று பதிந்து
என் பெயருக்கு அனுப்பியிருக்கிறான் ஊர்மாஸ்.
நான் தொடவில்லை.